வராத பிள்ளையின் நட்சத்திரம்

மைனாவுக்கு இன்றைக்கும் வயிற்றுவலி.

போர்வையிலிருந்து முகத்தை மட்டும் வெளியே நீட்டி, "மாமி, வயிறு..." என்று ஆரம்பித்தாள். அவள் முடிப்பதற்குள், "சரிடா, படுத்துக்கோ. இன்னைக்கு மதரஸாவுக்கு வரவேணாம்" என்று சொல்லிவிட்டு ஆலிமா கதவைச் சாத்தினாள்.

சாத்திய பிறகுதான் உறைத்தது. எங்கே வலிக்கிறது என்று கேட்கவில்லை. நெற்றியில் கை வைத்துப் பார்க்கவில்லை. ஒரு டம்ளர் வெந்நீர் கூடக் கொடுக்கவில்லை. நெஞ்சுக்குள் ஏதோ ஒன்று 'அப்பாடா' என்று உட்கார்ந்ததுதான் மிச்சம்.

அந்த 'அப்பாடா'வை நின்று பார்க்க அவளுக்கு நேரமில்லை. நேரமில்லை என்று சொல்லிக்கொள்வது வசதியாகவும் இருந்தது.

இன்றைக்கு வெளியூர் மதரஸாக்களிலிருந்து ஆசிரியர்கள் வருகிறார்கள். அவளுடைய வகுப்பைப் பார்க்கத்தான் வருகிறார்கள். போன வாரம் அந்தச் செய்தி வந்தபோது வீடே பூரித்துப்போனது, அதிகம் பேசாத அவள் கணவர் கூட வேனைத் துடைத்துக்கொண்டே இரண்டு முறை சிரித்தார்.

அண்ணியும் நாத்தனாரும் ஒரே கூரையின் கீழ் ஒத்துப்போவது லேசுப்பட்ட காரியமா? கணவனை இழந்த நாத்தனார், மகள் மைனாவைக் கையில் பிடித்துக்கொண்டு அண்ணன் வீட்டுப் படியேறிய நாளில், எத்தனையோ பேர் வேடிக்கை பார்க்கக் காத்திருந்தார்கள். ஆலிமா யாருக்கும் அந்தச் சந்தோஷத்தைக் கொடுக்கவில்லை. வெளிச்சமான முன்னறையை ஒழித்துக் கொடுத்தாள். "உன் பிள்ளை என் பிள்ளை" என்றாள். நாத்தனார் அந்தச் சொல்லை நம்பித்தான் பலகைத் தொழிற்சாலையின் சோதனைக்கூடத்தில் வேலைக்குச் சேர்ந்தாள். விடிந்ததும் கிளம்பிவிடுவாள். அதற்குப் பிறகு மைனாவுக்கு எல்லாம் மாமிதான். மதரஸாவில் மட்டும் மாமியை, மார்க்க ஆசிரியைக்குரிய 'ஆலிமா' என்ற பெயரில்தான் கூப்பிட வேண்டும். அது ஒன்றுதான் மைனாவுக்கு வாயில் நுழையாது.

பள்ளிக்கூட விடுமுறை என்பதால் வகுப்பு காலையிலேயே. ஆலிமா தலைத்துணியைச் சரிசெய்துகொண்டு வெளியே வந்தாள். கணவர் வேனில் சாவியைப் போட்டபடி நின்றார்.

"மைனா வரலையா?"

"வயித்துவலியாம்."

"ம்" என்றார். அந்த 'ம்' வழக்கத்தைவிடக் கொஞ்சம் நீளமாக இருந்ததை அவள் கவனித்தாள். கவனித்ததோடு சரி.

*

அவள் வகுப்புமுறை எளிமையானது. ஐந்து பிள்ளைகளுக்கு ஒரு பாய், ஒரு குழு. ஒவ்வொரு பிள்ளையும் ஒரு வரி ஓத வேண்டும். மணல் கடிகாரம் கவிழ்ந்து முடிவதற்குள் ஐவரும் பிழையில்லாமல் ஓதினால் குழுவுக்கு ஒரு நட்சத்திரம். ஒருத்தி தடுமாறினாலும் யாருக்கும் கிடையாது. வராத பிள்ளை கணக்கில் இல்லை. வேகமான பிள்ளை மெதுவான பிள்ளைக்குச் சொல்லிக் கொடுத்தே ஆக வேண்டும், வேறு வழியில்லை. நல்ல காரியத்துக்கு ஒருவருக்கொருவர் கை கொடுங்கள் என்ற இறைக்கட்டளையைச் சொல்லித்தான் இதை ஆரம்பித்தாள்.

ஆரம்பத்தில் அது நடக்கவும் செய்தது. மைனாவைச் சுற்றி நான்கு தலைகள் கவிழ்ந்திருக்கும். ஒருத்தி எழுத்தைக் காட்டுவாள், ஒருத்தி உதட்டை அசைத்துக் காட்டுவாள். அந்தக் காட்சியைத்தான் ஆலிமா ஆசிரியர் கூட்டத்தில் விவரித்தாள். கேட்ட பலருக்குக் கண் கலங்கியது.

அப்புறம் சுவரில் நட்சத்திர அட்டை வந்தது. முதலாவது குழு, கடைசிக் குழு என்று வந்தது. மைனா தப்பாக ஓத மாட்டாள், ஆனால் மெதுவாக ஓதுவாள். ஒவ்வோர் எழுத்தையும் தொட்டுப் பார்த்துவிட்டுத்தான் அடுத்த எழுத்துக்குப் போவாள். அவள் வரி முடிவதற்குள் மணல் தீர்ந்துவிடும். பிள்ளைகள் அவளுக்கு 'பிரேக்கு' என்று பெயர் வைத்தார்கள். அந்தப் பெயர் ஒருமுறை ஆலிமாவின் காதில் விழுந்தது. அதட்டினாள். பிறகு விழவில்லை. ஏன் விழவில்லை என்று அவள் யோசிக்கவில்லை. மைனாதான் அடிக்கடி வரவில்லையே.

வந்த விருந்தினர்களில் கண்ணாடி போட்ட ஓர் ஆசிரியை முன்வரிசையில் உட்கார்ந்தாள். மதரஸா தலைவர் அத்தர் மணக்க வாசலில் நின்று வரவேற்றார்.

குழுக்கள் ஓதின. மணல் விழுந்தது. மைனாவின் குழு கடைசியாக ஓதியது. நான்கு பேரும் தண்ணீர் ஓடுவதுபோல ஓதி முடித்தபோது மணல் பாதிகூட இறங்கவில்லை. ஆலிமா அட்டையில் நட்சத்திரம் ஒட்டினாள். கைதட்டல் எழுந்தது.

தலைவருக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. "இதுக்கு மேல நான் என்ன பாக்கணும்! நீங்க பேசிக்கிட்டு இருங்க, மாடி வேலைக்கு ஆள் வந்திருக்கு" என்று எழுந்து போனார்.

கண்ணாடி ஆசிரியை அந்தப் பாயையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"மத்த பாயிலெல்லாம் அஞ்சு பேரு. இங்க மட்டும் நாலு பேரா இருக்கீங்களே?"

"ஒருத்திக்கு உடம்பு சரியில்ல" என்றாள் ஆலிமா, சட்டென்று.

"இல்ல ஆலிமா!" முன்பல் விழுந்த சிறுமி ஒருத்தி ஆசையாக எழுந்து நின்றாள். விருந்தாளிக்கு எல்லாவற்றையும் சரியாகச் சொல்லிவிட வேண்டும் என்ற துடிப்பு அந்த முகத்தில். "அவளுக்கு உடம்பெல்லாம் நல்லாத்தான் இருக்கு. அவ வந்தா எங்களுக்கு நட்சத்திரம் கிடைக்காது. அதனால முக்கியமான நாள்ல வராதன்னு நாங்க பேசிக்கிட்டோம். அவளும் சரின்னுட்டா. நாங்க எல்லாரும் ஒத்துழைச்சோம்!"



சிறுமி கைதட்டலுக்காகச் சுற்றிலும் பார்த்தாள். குழுவின் லீடராக இருந்த பெண் அவள் பாவாடையைப் பிடித்து இழுத்து உட்கார வைத்தாள். அந்த லீடரின் காதுமடல் சிவந்திருந்தது. ஆலிமாவுக்குத் தன் காது எரிவது தெரிந்தது.

யாராவது ஏதாவது கேட்டிருந்தால் பரவாயில்லை. திட்டியிருந்தால் இன்னும் நன்றாக இருந்திருக்கும். விருந்தினர்கள் பேனாவை மூடினார்கள். ஒருவர் தண்ணீர் கேட்டார். நாசூக்கான மனிதர்கள், அந்த நாசூக்குதான் அவளைப் பிடுங்கித் தின்றது.

விடைபெறும்போது கண்ணாடி ஆசிரியை அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். "உங்க பிள்ளைங்க பொய் சொல்லல. அது பெரிய விஷயம்" என்றாள்.

அப்படியென்றால் பொய் சொன்னது யார்? 'உடம்பு சரியில்ல' என்று சொன்னது அவள் வாய்தானே.

*

வீட்டுக்கு ஓடினாள். மைனாவைக் கட்டிக்கொண்டு என்ன சொல்வது என்று வழியெல்லாம் தேடிக்கொண்டே போனாள். சொல் கிடைக்கவில்லை.

கிடைத்திருந்தாலும் கேட்க ஆள் இல்லை. முன்னறையில் போர்வை மடித்து வைத்திருந்தது. செருப்பைக் காணோம்.

"மைனா! மைனாக்கண்ணு!"

குளியலறை, மொட்டைமாடி, கட்டிலுக்கு அடியில்கூடப் பார்த்தாள். கணவருக்குப் போன் போட்டாள். எடுக்கவில்லை, வண்டி ஓட்டும்போது அவர் எடுக்கமாட்டார். நாத்தனாருக்குப் போட்டாள். சோதனைக்கூடத்துக்குள் போனை வெளியே வைத்துவிட வேண்டும். மணி அடித்து அடித்து ஓய்ந்தது.

அந்த நேரத்தில் வாசலில் தலைவரின் கார் வந்து நின்றது. ஆலிமாவுக்கு அப்போதுதான் நினைவு வந்தது. மதரஸாவின் மேல்மாடி வகுப்புக்குத் தரைப் பலகைகள் நாத்தனாரின் தொழிற்சாலையிலிருந்துதான் வருகின்றன. இன்று பிற்பகல் அவற்றைச் சோதிக்கிறார்கள். தலைவரும் அவளும் நேரில் வந்து பார்ப்பதாகச் சொல்லியிருந்தார்கள்.

எப்படியும் நாத்தனாரிடம் போய்த்தான் ஆக வேண்டும். 'உன் பிள்ளை என் பிள்ளை' என்று வாங்கிக்கொண்டவள், 'உன் பிள்ளையைக் காணோம்' என்று போய் நிற்க வேண்டும்.

காரில் தலைவர் வாய் ஓயாமல் பேசினார். "என்ன ஓட்டம், என்ன ஓட்டம்! அந்தக் கடைசிக் குழு இருக்கே, எக்ஸ்பிரஸ் ரயிலு! திறப்பு விழாவுல அந்தப் பிள்ளைங்களையே ஓதச் சொல்லிடலாம், என்ன ஆலிமா?"

அவர் முன்னாலேயே எழுந்து போய்விட்டது நினைவுக்கு வந்தது. அவருக்கு ஒன்றும் தெரியாது.

"பாக்கலாம் தலைவர்" என்றாள். குரல் தன்னுடையதுபோல இல்லை.

*

தொழிற்சாலைக்குள் நுழைந்தால் மூக்கில் முதலில் ஏறுவது பசையின் நெடி. அதன்பின் மரத்தூள். இங்கே செய்கிற பலகைக்கு நடுவில் மரச்சட்டங்களை நெருக்கி அடுக்கி, மேலும் கீழும் மெல்லிய பலகையை ஒட்டி அழுத்துவார்கள். வெளியே பார்த்தால் ஒரே பலகை. உள்ளே எத்தனை துண்டு இருக்கிறது என்று கண்ணுக்குத் தெரியாது.

நாத்தனாருக்கு அங்கே 'தட்டக்கா' என்று பெயர். எந்தப் பலகையைப் பார்த்தாலும் விரல் முட்டியால் தட்டிப் பார்த்துவிட்டுத்தான் தாண்டிப் போவாளாம். சோதனைக்கூடத்தில் சாம்பல் நிறக் கோட்டு போட்டுக்கொண்டு அவள் நின்ற நிமிர்வைப் பார்த்தால், வீட்டில் பாத்திரம் கழுவும்போது மெல்லப் பாடுகிறவள் இவள்தானா என்று தோன்றும்.

"தங்கச்சி..." என்று ஆலிமா ஆரம்பித்தாள். "மைனா..."

"அதோ இருக்காளே அண்ணி!"

மைனா இருந்தாள். இரண்டு இரும்புத் தாங்கிகளின்மேல் கிடத்திய நீண்ட பலகைக்குப் பக்கத்தில், ஒரு சின்ன முக்காலியில் குனிந்து உட்கார்ந்திருந்தாள். பலகையின் நடு வயிற்றுக்குக் கீழே கடிகாரம்போல ஒரு கருவி. எடை ஏற ஏறப் பலகை எவ்வளவு தொய்கிறது என்று அதன் முள் காட்டும். மைனா அந்த முள்ளைக் கண்கொட்டாமல் பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஆலிமா சுவரைப் பிடித்துக்கொண்டாள். அல்லாஹ்வுக்கு நன்றி சொன்னாள். அடுத்த நொடியே பயம் போன இடத்தில் இன்னொன்று வந்து உட்கார்ந்தது.

"இவ இங்க வர்றது நல்லதாப் போச்சு அண்ணி" என்றாள் நாத்தனார், சிரித்துக்கொண்டே. "எல்லா குழுவும் ஓதிக் காட்டுற நாள்ல மெதுவா ஓதுற பிள்ளைங்களுக்கு நீங்க லீவு விட்டுடுறீங்களாமே. இவ சொன்னா. பாவம், அந்த அவசரத்துல எல்லாரு முன்னாடியும் திணறாம இருக்கட்டும்னு யோசிச்சிருக்கீங்க. வேற யாருக்கு இது தோணும்?"

மைனா தலையைத் தூக்கி மாமியைப் பார்த்தாள். ஒரே ஒரு பார்வை. 'நான் சொல்லல, நீங்களும் சொல்லாதீங்க' என்று அதில் எழுதியிருந்தது. பத்து வயதுகூட ஆகாத பிள்ளை, மாமியின் மானத்தைத் தன் சின்ன முதுகில் சுமந்துகொண்டு முக்காலியில் உட்கார்ந்திருந்தது.

அப்போதாவது ஆலிமா வாயைத் திறந்திருக்க வேண்டும். திறக்கவில்லை. "ஆமா" என்றும் சொல்லவில்லை, "இல்ல" என்றும் சொல்லவில்லை. தலை மட்டும் தானாக ஒரு பக்கம் சாய்ந்தது. அந்தச் சாய்வை நாத்தனார் 'ஆமாம்' என்றே எடுத்துக்கொண்டாள்.

"ஆரம்பிக்கலாமா?" என்றாள்.

இரண்டு தொழிலாளிகள் பலகையின் இரண்டு முனைகளிலிருந்தும் ஒரே நேரத்தில் மணல் மூட்டைகளை வைத்துக்கொண்டே நடுவுக்கு வந்தார்கள். ஒருவர் முந்தினால் இன்னொருவர் நிற்க வேண்டும். ஒரு வரிசை முடிந்ததும் கைகளை எடுத்துக்கொண்டு எல்லோரும் காத்திருந்தார்கள்.

"ஆடுது..." என்றாள் மைனா. "இன்னும் ஆடுது... இரு... நின்னுருச்சு. நாலு."

"நாலு" என்று நாத்தனார் எழுதினாள்.

தலைவருக்குப் பொறுமை இல்லை. "பாப்பா, சீக்கிரம் சொல்லிடும்மா."

"முள்ளு நிக்காம சொன்னா தப்பாயிடும்" என்றாள் மைனா, கண்ணை எடுக்காமல். தொழிலாளிகள் இருவரும் சிரித்தார்கள். அவளை அவசரப்படுத்தவில்லை.

முதல் பலகை எல்லா மூட்டைகளையும் தாங்கியது. எடுத்த பிறகு முள் பழைய இடத்துக்கே திரும்பியது. இரண்டாவதும் அப்படியே. தலைவர் கைக்குட்டையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "மாஷா அல்லாஹ், யானையே ஏறலாம் போல" என்றார்.

மூன்றாவது பலகையில் பாதி மூட்டைகள்கூட ஏறவில்லை.

"அம்மா, முள்ளு நிக்க மாட்டேங்குது" என்றாள் மைனா. "ஓடிக்கிட்டே இருக்கு."

"எந்திரி! பின்னால வா!"

மைனா முக்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்து அம்மாவிடம் ஓடிய அதே சமயத்தில் 'சடக்' என்று ஒரு சத்தம். பலகை நடுவில் மடங்கியது. மூட்டைகள் சரிந்தன. மணல் சிமெண்டுத் தரையில் சிதறியது.

யாருக்கும் அடியில்லை. நாத்தனார் மகளின் தலையை ஒருமுறை தடவிவிட்டு, ஒரு தொழிலாளியிடம் ரம்பத்தைக் காட்டினாள். பலகையை முறிந்த இடத்தில் அறுத்துத் திறந்தார்கள். மேல்தோலும் கீழ்த்தோலும் பளபளவென்று மற்ற பலகைகளைப் போலவே இருந்தன. உள்ளே மட்டும் இரண்டு சட்டங்களுக்கு நடுவில் ஒரு விரல் நுழையும் அளவுக்கு வெற்றிடம். பசை அங்கே எட்டவே இல்லை.

"இதோட சேத்துச் செஞ்ச லாட்டு முழுக்க அனுப்பாம நிறுத்துறோம் தலைவர்" என்றாள் நாத்தனார். "எல்லாத்தையும் பிரிச்சுப் பாக்கணும். மறுபடி செஞ்சு, மறுபடி டெஸ்ட் பண்ணித்தான் அனுப்புவோம்."

தலைவரின் முகம் தொங்கிப்போனது. "அழைப்பிதழ் அடிச்சாச்சும்மா! தச்சருங்க வந்து உக்காந்திருக்காங்க. ஒண்ணுதானே உடைஞ்சது? மத்த ரெண்டும் நல்லாத்தானே இருந்தது? மொத்தமா சேத்துப் பாத்தா பாஸுதானே?"

"உடைஞ்சது மாதிரி இன்னொண்ணு உள்ள இருந்தா, அது மேல எந்தப் பிள்ளை உக்காரப் போகுதுன்னு நமக்குத் தெரியாதே."

"விக்கிற கடைக்காரங்களே வேணாம்னு சொல்றத இன்னைக்குத்தான் பாக்குறேன்!" தலைவர் நல்ல மனிதர்தான், பதற்றம் அவரைப் பேச வைத்தது. ஆலிமாவின் பக்கம் திரும்பினார். "ஆலிமா, நீங்களாச்சும் சொல்லுங்க. ஒத்துழைப்புன்னா என்னன்னு ஊருக்கே பாடம் எடுக்குறவங்க நீங்க. உங்க நாத்தனார்தானே? கொஞ்சம் ஒத்துழைச்சுப் போகச் சொல்லுங்க."

ஒத்துழைச்சோம்! பல் விழுந்த சிறுமியின் குரல் காதுக்குள் கணீரென்று கேட்டது.

வகுப்பில் அவள் சொல்லித் தந்த அந்த இறைக்கட்டளைக்கு இரண்டு பாதி உண்டு. நல்லதற்குக் கை கொடுங்கள். பாவத்துக்கும் பகைக்கும் கை கொடுக்காதீர்கள். சின்னப் பிள்ளைகளுக்கு இது போதும் என்று முதல் பாதியை மட்டுமே அவள் சொல்லிக் கொடுத்திருந்தாள். சின்னப் பிள்ளைகளுக்கு மட்டுமா, தனக்கும் அதுவே போதும் என்றல்லவா வைத்துக்கொண்டாள்?

"நான் சொல்ல மாட்டேன் தலைவர்" என்றாள். "எனக்கு அந்த யோக்கியதை இல்ல."

எல்லோரும் அவளைப் பார்த்தார்கள். மைனா 'வேண்டாம்' என்பதுபோல லேசாகத் தலையாட்டினாள்.

"தங்கச்சி, மைனாவுக்கு நான் லீவு விடல. மெதுவா ஓதுற யாருக்கும் விடல. பிள்ளைங்கதான் என்னமோ தங்களுக்குள்ள பேசிக்கிட்டு..." என்று ஆரம்பித்து நிறுத்தினாள். பழியைச் சிறுமிகள்மேல் இறக்கப் போன தன் நாக்கை அவளே பிடித்துக்கொண்டாள். வெட்கம் கழுத்துவரை ஏறியது. "இல்ல. பிள்ளைங்க மேல தப்பில்ல. இவ வந்தா குழுவுக்கு நட்சத்திரம் போயிடும்னு அவங்க இவள வரவேணாம்னு சொல்லியிருக்காங்க. இவளும் வயித்துவலின்னு படுத்துக்கிட்டா. அப்படி ஒரு போட்டிய வச்சது நான்."

நாத்தனார் கையிலிருந்த பேனாவை மேசைமேல் வைத்தாள். "நீங்க அவள வரவேணாம்னு சொன்னீங்களா அண்ணி?"

"நானா சொல்லல. வலிக்குதுன்னு அவ வாயத் தொறந்தாலே போதும், நானே படுத்துக்கோன்னுடுவேன். எங்க வலிக்குதுன்னு ஒரு நாளும் கேக்கல. இன்னைக்குக் காலையில... எனக்கு நிம்மதியா இருந்தது. வெளியூர்க்காரங்க வர்றாங்க, இவ வரலன்னு நிம்மதியா இருந்தது."

தலைவர் தொண்டையைக் கனைத்தார். எங்கே பார்ப்பது என்று தெரியாமல் சிதறிய மணலைப் பார்த்தார். "குடும்ப விஷயம்... நான் கிளம்பறேன். பலகை விஷயம்... சரிம்மா, நீ சொன்னபடியே மறுபடி செய்யட்டும்" என்று யாரையும் பார்க்காமல் சொல்லிவிட்டு வெளியேறினார். தொழிலாளிகள் மூட்டைகளைத் தூக்கிக்கொண்டு மறுபக்கம் போனார்கள்.

நாத்தனார் மகளின் முன் மண்டியிட்டாள். "நெசமா?"

மைனா காலால் மணலைத் தள்ளினாள். "அழாதீங்கம்மா. நான் போனா மாமிக்குத்தான் அவமானம். மாமி வீட்டுப் பிள்ளையே ஓத மாட்டேங்குதுன்னு லீடர் சொன்னா. மாமிக்கு நட்சத்திரம் வேணும்ல?"

"எனக்கு வேணாம்டா" என்று கையை நீட்டினாள் ஆலிமா.

நாத்தனார் எழுந்து இருவருக்கும் நடுவில் நின்றாள். முரட்டுத்தனமாக இல்லை, சாதாரணமாகத்தான் நின்றாள். நீட்டிய கை அந்தரத்தில் நின்றது.

"இது வேலை செய்ற எடம் அண்ணி. ரிப்போர்ட்ட முடிச்சிட்டு வர்றேன். வெளிய இருங்க."

இத்தனை நாளில் அவள் தன் அண்ணியை 'வெளியே இருங்கள்' என்று சொன்னது இதுதான் முதல் தடவை.

*

தொழிற்சாலை வாசலில் லாரிகளுக்கு ஒதுங்கிச் சுவரோரம் நின்றாள் ஆலிமா. சிறிது நேரத்தில் மைனா தன் பையோடு வந்து பக்கத்தில் நின்றாள். அம்மாதான் அனுப்பியிருக்க வேண்டும். கோட்டைக் கழற்ற அவளுக்குத் தனியாகக் கொஞ்ச நேரம் தேவைப்பட்டதோ என்னவோ.

பையிலிருந்து மைனா ஒரு பிஸ்கட்டை எடுத்து, பாதி உடைத்து மாமியிடம் நீட்டினாள். ஆலிமா வாங்கிக்கொண்டாள். அதைத் தின்னவும் முடியவில்லை, கையில் வைத்திருக்கவும் முடியவில்லை.

"இவ்வளவு தூரம் எப்படிடா வந்த?" என்றாள் கடைசியில்.

"மாமா வேன்ல."

"எந்த மாமா?"

"எந்த மாமாவா? நம்ம மாமாதான். எப்பவும் அவர்தானே கொண்டாந்து விட்டு, நீங்க வர்றதுக்குள்ள திரும்பக் கூட்டிட்டுப் போவாரு. இன்னைக்கு டெஸ்ட்டு பாக்கணும்னு நான்தான் இருந்துட்டேன்."

ஆலிமாவின் கையில் பிஸ்கட் பொடிந்தது. "மாமாவுக்குத் தெரியுமா? வயித்துவலி இல்லன்னு?"

"முதல் நாளே சொல்லிட்டேனே. அழுதேன். அப்ப மாமாதான், சரி, அம்மாகிட்ட போய் இருன்னாரு."

"என்கிட்ட ஏன் சொல்லல ரெண்டு பேரும்?"

மைனா யோசித்தாள். எதையும் போலவே இதையும் மெதுவாகத்தான் யோசித்தாள். "நான் சொல்லவான்னு கேட்டேன். மாமா வேணாம்னாரு."

தெருமுனையில் அந்த வேன் திரும்புவது தெரிந்தது. காலையில் துடைத்த கண்ணாடி வெயிலில் மின்னியது. கணவர் வண்டியை வாசலில் நிறுத்தினார். மைனாவோடு தன் மனைவியும் நிற்பதைப் பார்த்தார். இறங்கவில்லை. இன்ஜினையும் அணைக்கவில்லை. கைகள் ஸ்டியரிங்கின் மேலேயே இருந்தன.

நாத்தனார் வெளியே வந்தாள். முகம் கழுவியிருந்தாள். அண்ணனைப் பார்த்தாள், வேனைப் பார்த்தாள், மகளைப் பார்த்தாள். அண்ணனுக்கு எல்லாம் தெரிந்தே இருந்திருக்கிறது என்று கூட்டிப் பார்க்க அவளுக்கு அதிக நேரம் ஆகவில்லை. பின் கதவைத் திறந்து, மைனாவை ஏற்றி, தானும் ஏறிக்கொண்டாள்.

ஆலிமா முன்னால் ஏறினாள். வண்டி நகர்ந்தது.

ஒரு பாலத்தைத் தாண்டிய பிறகு அவள் தாழ்ந்த குரலில் கேட்டாள். "என்கிட்ட ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமே?"

அவர் சாலையைப் பார்த்தபடியே சொன்னார். "நீயே கேப்பேன்னு இருந்தேன்."

அவர் குரலில் கோபம் இல்லை. கோபம் இருந்திருந்தால் பதிலுக்கு அவளும் ஏதாவது பேசியிருப்பாள். தினமும் ஒரே வீட்டில் சாப்பிட்டு, ஒரே வீட்டில் தூங்கி, இந்த மனிதர் தன்னைப் பார்த்துக்கொண்டே இருந்திருக்கிறார். ஒவ்வொரு காலையிலும் அவள் தோற்பதைப் பார்த்துவிட்டுத்தான் வண்டியை எடுத்திருக்கிறார். அவரும் வாய் திறக்கவில்லையே என்று ஒரு கேள்வி அவளுக்குள் எழுந்தது. அதைக் கேட்கிற உரிமை தனக்கு இன்றைக்கு உண்டா என்று தெரியவில்லை. முந்தானையை இழுத்து முகத்தை மறைத்துக்கொண்டாள்.

பின்னாலிருந்து மைனாவின் குரல் வந்தது.

"மாமி, நாளைக்கு நான் ஓத வரணுமா?"

ஆலிமா திரும்பினாள். வா கண்ணு, நீதான் முதலில் ஓத வேண்டும், அந்த மணல் கடிகாரத்தை நாளைக்கே தூக்கிப் போடுகிறேன் என்று சொல்ல வாயெடுத்தாள்.

"அவங்ககிட்ட கேக்காத" என்றாள் நாத்தனார், ஜன்னலைப் பார்த்தபடி. "என்கிட்ட கேளு."

மைனா அம்மாவைப் பார்த்தாள். மாமியைப் பார்த்தாள். கண்ணாடியில் தெரிந்த மாமாவின் கண்களையும் பார்த்தாள். அப்புறம் பையை மடியில் இறுக்கி வைத்துக்கொண்டு தலையைக் குனிந்துகொண்டாள்.

அவள் யாரிடமும் கேட்கவில்லை.